பின்சக்கரத்து பிரேக்கும் உன் சித்தப்பாவும்

அதெல்லாம் அப்புறம் கண்ணு, முதல்ல நீ நேரத்துக்குச் சாப்பிடறியா, உடம்பு தேவலையா, அதைச் சொல்லு. இங்க சாமி புண்ணியத்துல எல்லாரும் சுகம், என் உசிரு மட்டும் என்கிட்ட இல்ல, வாசல்ல நிக்கிற கரண்டு காருக்கு அடியில கிடக்கு. போன்ல சொன்னா உன் சித்தப்பா காதுல விழும், அதான் எழுதறேன். பின்சக்கரம் கொஞ்ச நாளா கிறீச்சுனு கத்துச்சு, கிட்ட போனா சூடு அடிச்சுது. மெக்கானிக் பார்த்துட்டு, இந்த வண்டியில ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தாலே வேகம் தானா குறைஞ்சிடுதும்மா, பின் பிரேக்குக்கு வேலையே இல்ல, சும்மா கிடந்து காலிப்பர் துருப்பிடிச்சு இறுகிடுச்சுன்னாரு. சக்கரத்தைக் கவ்வி நிறுத்துற இடுக்கி மாதிரி சாமானாம் அது. சும்மா கிடந்தா துருப்பிடிக்கும்னதும் நான் ரிட்டயரான உன் சித்தப்பாவைப் பார்த்துச் சிரிச்சுத் தொலைச்சேன், அந்த ரோஷத்துல நானே வீட்ல சரி பண்றேன்னு கிளம்பிட்டார்.

நேத்துலேருந்து வாசலே ஒர்க்‌ஷாப்பு. கல்லு முட்டுக் குடுத்து, ஜாக்கி வெச்சுத் தூக்கி, உள்ள ஸ்கிரீன்ல எதையோ அழுத்தி ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி, காலிப்பரைக் கழட்டித் துருவைச் சுரண்டினார். சத்தம் போகட்டுமேன்னு தையல் மெஷின் எண்ணெயை எடுத்துட்டுப் போனேன் பாரு, அடிக்காத குறைதான். அறிவிருக்காடி, பிரேக் பேட்ல ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வழுக்கும், வண்டி நிக்கவே நிக்காதுன்னு தெருவுக்கே கேக்கக் கத்தினார். இன்னிக்குக் காலையில சக்கரத்தை உரசி நிறுத்துற அந்தப் பேடுங்களைப் புதுசா வாங்கினதைச் சாமிகிட்ட வெச்சு, தூசி போகத் துடைச்சு, கும்பிட்டுக் குடுத்தேன், வாங்கி அவசர அவசரமா மாட்டினார், மூக்குக் கண்ணாடிகூடப் போடல.

நாளைக்கு உன் தங்கச்சியைப் பிரசவத்துக்குச் சேர்க்கணும், இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவாராம். ஆஸ்பத்திரி மேட்டுத் தெருவோட அடியில, வழியில ஸ்கூல் வாசல் வேற. டாக்ஸி சொல்லலாம்னா, என் கை மேல நம்பிக்கையில்லையாங்கிறார். போன தடவை மிக்சியைக் கழட்டி மாட்டினப்ப ரெண்டு ஸ்குரூ மிச்சமாச்சு. மிக்சி ஓடலைன்னா பரவாயில்ல, இது நிக்கலைன்னா? அவளோ வயித்தைத் தடவிக்கிட்டு, அப்பா பார்த்துப்பாரும்மான்னு சிரிக்கிறா. இப்ப குளிச்சிட்டு வந்து இறக்கத்துல ஓட்டிப் பார்க்கப் போறாராம்.

இது உன் கைக்கு வர்றதுக்குள்ள நல்ல சேதி வந்திருக்கணும், சாமி கைவிடாது. நீ நல்லா இரு, தீர்க்காயுசா இரு. உன் வண்டி பிரேக்கையும் ஒரு எட்டு போய்க் காட்டிடு, மறந்துடாதே.

உன்னை வளர்த்த,
சித்தி

கண்ணு, குழாய்ச் சத்தம் நின்னுடுச்சு. கார் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன், அவர்கிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னு தெரியல. பேடைத் துடைச்சேன்னேனே, அது சாமி விளக்கு துடைக்கிற எண்ணெய்த் துணி.