அறுபது வயது விதியும் உன் கையெழுத்தும்

உ

உக்குவளை,
17.08.2025

அன்பு நண்பன் உதயராஜுக்கு,

அழகுமுத்து எழுதிக்கொள்வது. கனடாவில் நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி பாலாமணியும் பேரப்பிள்ளைகளும் சுகம். இருபது நாளாக என் இடுப்பு நிமிரவில்லை, அதனால் என்னைப் பாதிச் சுகம் என்று வைத்துக்கொள்.

வட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் மரண உதவிச் சங்கத்துக்கு உன் கையெழுத்து தேவைப்படுகிறது. தாளில், மையால் போட்டது. படம் பிடித்து அனுப்பினால் தலைவர் பொன்னையா அண்ணன் ஏற்கமாட்டார். எழுபத்துநான்கு வயதில் அவர் நம்புவது மையையும் றப்பர் முத்திரையையும் மட்டும்தான்.

1991 உனக்கு நினைவிருக்கும். நமக்கு இருபத்தைந்து வயது. இழுப்பு நோயோடு கிடந்த உன் அப்பா குழி வெட்ட வரவில்லை என்று சங்கம் ஐம்பது ரூபா தண்டம் போட்டது. அந்தக் கோபத்தில், அறுபது தாண்டியவர்களுக்குச் சந்தாவும் இல்லை, குழிவெட்டும் இல்லை என்று நான் பிரேரித்தேன். நீ ஆமோதித்தாய். அப்போது நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் அறுபது தாண்டியவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரைச் சுமப்பது நூற்றைம்பது வாலிபர்களுக்கு ஒரு பாரமா என்று நீ கேட்டதும் கைதட்டல் விழுந்தது. அத்தோடு விட்டோமா? பிரேரித்தவரும் ஆமோதித்தவரும் கையெழுத்துப் போட்டால் தவிர இந்த விதியை மாற்ற முடியாது என்று ஒரு வரியும் சேர்த்தோம். நமக்கும் ஒருநாள் அறுபது வரும் என்ற எண்ணம் அதில் இருந்தது, இல்லையென்று சொல்லாதே.

எனக்கு அடுத்த மாதம் பதினொன்றாம் திகதி அறுபது. முப்பத்துநான்கு வருஷம் ஒரு மாதம் தவறாமல் சந்தா கட்டினேன். நிஸ்தார் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் பகலெல்லாம் சீமெந்து மூட்டை தூக்கிவிட்டு, சாவுச் செய்தி வந்தால் அப்படியே மண்வெட்டியோடு மயானத்துக்குப் போனேன். எத்தனை குழி என்று நான் எண்ணவில்லை, என் இடுப்பு எண்ணி வைத்திருக்கிறது. அந்தப் பதினொன்றாம் திகதியை எப்படிக் காத்திருந்தேன் தெரியுமா? இப்போது அறுபதை எழுபது ஆக்க வேண்டுமாம். அதற்கு நானே கையெழுத்துப் போட வேண்டுமாம். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஆத்திரப்பட்டுப் பிரயோசனமில்லை என்பதும் தெரிகிறது. செயலாளர் என்பதால் சங்க அங்கத்தவர் இடாப்பு என் கையில்தானே இருக்கிறது. இன்று வீடுகள் தொண்ணூற்றாறு, அறுபது தாண்டியவர்கள் அறுபத்தெட்டுப் பேர். அதற்குக் கீழே உள்ள ஆண்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஊரில் இருப்பவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்கள் கொழும்பிலும் கட்டாரிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். சந்தாவை அனுப்புகிறார்கள், கையை அனுப்ப முடியாதே. சாவோ வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது.

நீயும்தான் அனுப்புகிறாய். உன் அப்பா பெயர் எழுதிய நூறு கதிரையும் சங்க அறையில் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. இறக்கிப் போட ஆளில்லாமல், போன இரண்டு சாவீட்டிலும் சனம் நின்றுகொண்டே இருந்தது. குழி தோண்டப் பெக்கோ இயந்திரம் பிடியுங்கள், காசு தருகிறேன் என்றாய். மயானத்துப் பாதை மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலம் என்பது உனக்கு மறந்துவிட்டது. கனடாவிலும் வயதானவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள் என்று போனில் சொன்னாய். அப்படிக் கூப்பிடப்பட்ட ஆள்தானே நீ. நாங்கள் யாரைக் கூப்பிடுவது?

போன மாதக் கடைசியில் கிருஷ்ணம்மா அக்கா காலமானார். எண்பத்துநான்கு வயது. இரண்டு மகன்மாருக்கும் லீவு கிடைக்கவில்லை. கொட்டுகிற மழையில் அந்த ஏழு பேரில் மாடசாமியும் நானும், விலக்குக் கிடைத்தும் இரக்கப்பட்டு வந்த இரண்டு பெரியவர்களுமாக நாலு பேர் வெட்டப் போனோம். நாலு பேர் வயதையும் கூட்டினால் இருநூற்றைம்பது தாண்டும். இடுப்பளவு தோண்டியபோது ஒரு பக்க மண் சரிந்து என்மேல் விழுந்தது. எப்படியோ வேலையை முடித்துப் பிரேதத்தை அடக்கம் செய்தோம். வழக்கப்படி சங்கப் புத்தகத்தில் வெட்டியவர்கள் என்று நாலு பேர் பெயரை எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் விசேஷக் கூட்டம். பொன்னையா அண்ணன் எழுபது என்றார். நான் மறுத்துப் பேச எழும்புவதற்குள் என் மருமகள் நிஷாந்தி எழும்பிவிட்டாள். மகன் நிமலன் கட்டாருக்குப் போனதிலிருந்து அவள் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் என் முன்னால் குரல் உயர்த்திப் பேசாதவள், அத்தனை பேர் நடுவே சொல்கிறாள், “மாமா கோவிச்சுக்காதீங்க. அறுபதா வச்சாலும் எழுபதா வச்சாலும் கட்டப்போறது எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்கதான். அவர் அனுப்புற காசுலதான் ஒங்க ரெண்டு பேருக்கும் மருந்து, புள்ளைங்களுக்கு வேன், டியூசன் எல்லாம். மேலயும் அதே காசு, கீழயும் அதே காசு. எங்களுக்கு அறுபது வரும்போது எங்களுக்குக் கட்ட யாரு இருப்பாங்க?” என்று.

அவளே தொடர்ந்தாள். “வெட்ட ஆள் இல்லைன்னு சொல்றீங்க. ஊர்ல நாங்க முப்பது பொம்பளைங்க இருக்கோம். தோட்டத்துல தண்ணிக் கான் வெட்டுறது நாங்கதானே. எங்களை ஏன் கூப்பிடல?” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் மயானத்துக்கே வருவதில்லை, அது நம் சம்பிரதாயம் என்று செயலாளர் என்ற முறையில் நான் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுபது தீர்மானமாகி, என்னையும் அங்கேயே கையெழுத்துப் போட வைத்தார்கள்.

பதினொரு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் முன்னால் மரியாதையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாலாமணி ஒரே ஒரு தடவை, “ஒங்களுக்கு வெக்கமா இல்லையா” என்று கேட்டாள்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. உதயராஜ், மேலே நாலு பேர் வெட்டி முடித்தோம் என்று எழுதினேனே, அது பொய். அன்று நிஷாந்தி எங்களுக்குப் பிளேன் டீ கேத்தலைக் கொண்டுவந்து பாதை வளைவில் வைக்க வந்தாள். மண் சரிந்த சத்தம் கேட்டு ஓடி வந்தாள். மாடசாமியால் என்னை அசைக்க முடியவில்லை. குழிக்குள் இறங்கி என்னைத் தோளில் தாங்கி மேலே ஏற்றியது அவள். பெரியவர்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பிரேதம் புறப்பட அரை மணி நேரம்தான் இருந்தது. அவள் என் மண்வெட்டியை எடுத்தாள். மார்பளவுக்கு வெட்டி, நாலு ஓரமும் நேராகச் செதுக்கிவிட்டு, பீலித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே சொல்லவேண்டாம் என்று நாங்கள் நாலு பேரும் பேசிக்கொண்டோம். கூட்டத்தில் அவளும் அதைச் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் சம்பிரதாயம் பேசினேன்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று சங்கத்தின் தாள், அறுபதை எழுபதாக்குவது. மற்றது நான் இன்று காலை எழுதியது, யாரும் எழுதச் சொல்லவில்லை. விருப்பமுள்ள பெண்களும் குழிவெட்டில் சேரலாம் என்றும், அறுபது தாண்டினாலும் சம்பளம் வாங்குகிற வரை சந்தா கட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நானும் நிஸ்தார் முதலாளியின் கடையில் நிற்கும் வரை கட்டுவேன். குழி மட்டும் இனி என்னால் முடியாது.

முதல் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பு. பொன்னையா அண்ணன் திட்டுவார், ஆனால் அவர் திட்டு கனடா வரை வராது. இரண்டாவதில் உன் அப்பாவை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு. ஒக்டோபர் பௌர்ணமிப் போயா தினத்தில் பொதுக்கூட்டம், அதற்கு முன் வந்து சேர வேண்டும்.

சங்கப் புத்தகத்தில் நாலு பெயருக்குக் கீழே ஐந்தாவதாக நிஷாந்தியின் பெயரை எழுதிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. அவள் தேத்தண்ணி வைக்கிற இடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.

உன் பேரப்பிள்ளைக்கு என் ஆசி. நோய்நொடியில்லாமல் வளரட்டும். இந்தத் தடவை கதிரை ஒன்றும் அனுப்பாதே, கையெழுத்தைத் தாமதிக்காமல் அனுப்பு. என் நாள் எப்போது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு வெட்டப்போகிற கை இந்த வீட்டிலேயே இருக்கிறது. அன்றைக்கு அவள் பின்பக்கமாகப் போகக் கூடாது.

உன் அன்புள்ள,
அழகுமுத்து