உங்கள் மேசைக்குப் பக்கத்தில்

கொட்டாஞ்சேனை, 1943

என்னவருக்கு,

ஒரு புதினம்! நீங்கள் பட்டாளத்தோடு எகிப்துக்குப் போகும்வரை வேலை செய்த அச்சுக்கூடத்தில் இப்போது நான் எழுத்துக் கோர்க்கிறேன்.

யுத்தத்தால் துறைமுகத்தில் சம்பளம் கூடிவிட்டது. மற்ற ஆட்களெல்லாம் அங்கே போய்விட்டார்கள். மஜீட் முதலாளி அச்சுக்கூடத்தைப் பூட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"எனக்குப் பழக்குங்கோ முதலாளி, நான் கோக்கிறன்."

"பொம்புளயா? முழு நாளும் நிக்கோணுமே தங்கச்சி."

"அரிசிக் கியூவில நிக்கிறதைவிடவா?"

சிரித்துவிட்டார். அன்றே தொடங்கினேன். கண்ணாடியில் தெரிவதுபோல் ஈய எழுத்துகளெல்லாம் இடம் வலம் மாறியிருந்தன. 'ண'வும் 'ன'வும் என்னை அழவைத்தன!

நேற்று நான் கோர்த்த அரசாங்க அறிவித்தல் சந்திச் சுவரில் ஏறியது. அரிசிப் பங்கீடு இன்னும் குறைகிறதாம். வாசித்தவர்கள் எல்லாரும் திட்டினார்கள். நானோ நடுவில் நின்று, ஒரு பிழையும் இல்லையென்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வராததற்குக் கப்பல் தாமதம்தான் காரணம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

"உங்கட மாப்புள வந்தா அவருக்கு எங்க இடம்?" என்று முதலாளி கேட்டார்.

"எனக்குப் பக்கத்தில" என்றேன்.

உங்கள் மேசையை யாருக்கும் கொடுக்கவிடவில்லை. தினமும் நானே துடைக்கிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி