கண்ணாடித் தட்டும் கோணல் ஜாடியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், தினமும் ஒரு சண்டை போடத் தெம்பு இருக்கிற அளவுக்கு நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறோம். போனிலேயே சொல்லலாம், ஆனால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

ஹாலில் பழைய ஜன்னலை அடைத்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, நீ செய்த மண் ஜாடிகளை அடுக்க அதை ஷோகேஸ் ஆக்கியே தீர வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தட்டு எதில் போடுவது என்பதில்தான் வம்பு. தச்சர் வந்து, பிளைவுட் போதும் சார், ஆயுசுக்கும் அசையாது என்றார். யார் ஆயுசுக்கு என்று கேட்டேன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். கல் பலகை போடலாம் என்றேன், சமையல் மேடை மாதிரி இருக்கும் என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். அவளுக்குக் கண்ணாடிதான் வேண்டும், மேலே ஒரு விளக்கு போட்டால் வெளிச்சம் அடித்தட்டு வரை இறங்குமாம். முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவன் நான், சும்மா ஒத்துக்கொள்வேனா? இரண்டு நாற்காலிக்கு நடுவே கண்ணாடியை வைத்துத் தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். பதினைந்து கிலோ தாங்கியது. முத்திரை குத்தாத குறையாகச் சரி என்று சொல்லிவிட்டேன்.

நடுத்தட்டில், நீ முதன்முதலில் செய்த அந்தக் கோணல் ஜாடி. மறுநாள் பார்த்தால் அது ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. துடைக்கிற சாக்கில் நகர்த்திவிட்டாள் என்று அம்மாவைச் சொன்னேன். வர்றவங்ககிட்டல்லாம் எம் பொண்ணு செஞ்சதுன்னு எடுத்து எடுத்துக் காட்டுறது யாராம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பின்னால் தள்ளி வைத்தேன், அடுத்த நாளும் முன்னால் நின்றது. ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தோம். கடைசியில், நகர்த்தினவங்களே தள்ளி வைக்கட்டும் என்று அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அங்கேதான் கெட்டது. வெள்ளிக்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் அம்மா மிக்ஸியைப் போட்டாள். ஜாடி என் கண்ணெதிரே நடுங்கி நடுங்கி நடந்து வந்தது, பாப்பா. தட்டு முன்பக்கமாக ஒரு நூல் சரிவாக இருந்திருக்கிறது. எடையைப் பார்த்த பெரிய மனிதன் மட்டம் பார்க்கவில்லை. நான் எழுந்து ஓடுவதற்குள் விழுந்து உடைந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை, எனக்குப் பயமே வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவகிட்ட சொல்லிடாதீங்க என்றாள். இத்தனை ஜாடி இருக்கே என்று சமாதானம் சொன்னேன். மத்ததெல்லாம் பார்சல்ல வந்ததுங்க, இது ஒண்ணுதான் அவளா கொண்டுவந்து என் கையில குடுத்தது என்றாள். இப்போது தேக்குப் பலகையாக மாற்றி, முன்னால் ஒரு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்தாயிற்று, மட்டமும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். மிக்ஸியும் இடம் மாறிவிட்டது. நடுத்தட்டில் மட்டும் வேறு எதையும் வைக்க அம்மா விடுவதில்லை.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதியதை அம்மாவிடம் மூச்சு விடாதே. நேரம் கிடைக்கும்போது இன்னொரு ஜாடி செய், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதைப் பார்சலில் அனுப்பாதே. நாலு வருஷமாயிற்று, எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீயே கொண்டுவந்து அவள் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா