மூன்று கடிதத்தில் மூன்று வருத்தம்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
1937 யூலை 11, ஞாயிறு.

அன்புள்ள மகன் சில்வெஸ்டருக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் அம்மாவும் தங்கச்சி மக்டலினும் சுகமாயிருக்கிறோம், நீயும் அங்கே கொழும்பில் அப்படியே சுகம் என்று எழுத வந்த பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது, ஏனென்றால் நீ சுகமா சுகமில்லையா என்பதிலேயே எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. பாஸ்குப் பெருநாளுக்கு வரச்சொன்னபோது உடம்பு வீக்காக இருக்கிறது என்று எழுதினாய். தங்கச்சியின் சம்பந்தம் முற்றாக்கிய கிழமை இன்டிஸ்போஸ்ட் என்றாய். போன மாதம் ஜெனரல் டெபிலிட்டியாம். மெய்யான வருத்தத்துக்கு ஒரு பெயர்தானே மகனே இருக்கும், காய்ச்சல் என்றால் காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் வயிற்றோட்டம், மாதத்துக்கொரு சட்டை மாற்றுகிற வருத்தத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

நீ யாருக்கு எழுதுகிறாய் என்பதை மறந்துவிட்டாய். இருபத்தாறு வருடம் கந்தோரில் பியோனாய் இருந்து, கிளாக்கர்மாரின் லீவுக் கடிதங்களைத் துரையின் மேசையில் கொண்டுபோய் வைத்தவன் நான். இங்கிலீசு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின்னால் எவன் ஒளிந்திருக்கிறான் என்று நன்றாகத் தெரியும். இன்டிஸ்போஸ்ட் என்று எழுதினவர் மச்சானின் கலியாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். டெபிலிட்டி என்று டொக்டர் துண்டு வைத்தவரை அன்று பின்னேரமே பாலத்தடியில் தூண்டிலோடு கண்டேன். மெய்யாகவே பாயில் விழுந்தவனின் கடிதம் வேறு, ஒன்றரை வரிதான் இருக்கும், எழுத்துச் சரிந்து கிடக்கும், இங்கிலீசுச் சோடினை ஒன்றும் இராது. உன் மூன்று கடிதமும் அச்சடித்த மாதிரி ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கின்றன.

மூன்று சொல்லையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு நல்லரத்தினம் வாத்தியாரிடமும் போனேன். அவர் தலையணை மொத்தத்தில் ஒரு அகராதியை எடுத்துப் புரட்டிவிட்டு, இதெல்லாம் பெலயீனம் எண்ட ஒரே வீட்டுப் புள்ளைகள், ஃபீபிள், ஃபிரெயில், இன்ஃபேர்ம் எண்டு இன்னும் கனபேர் இருக்கிறாங்க, இதில ஒண்டும் சாகிற வருத்தம் இல்ல எண்டு சிரித்தார். பொய்க்கும் இப்படித்தானா என்று கேட்டேன். அதற்கும் ஒரு பக்கம் நிறையச் சொல் இருக்கிறதாம், சின்னப் பொய்க்கு ஃபிப் என்று ஒன்று, பெரிய பொய்க்கு வேறொன்று, வேலைக்குக் கள்ளப்பட்டு வருத்தக்காரன் மாதிரி நடிப்பதற்கென்றே மாலிங்கர் என்று தனியாக ஒன்று. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனத்தாங்கல் என்றால் வாய் திறந்து சொல்லிவிடு. இந்த வீட்டை மக்டலினுக்கு எழுதிவைத்ததா உனக்குப் பிடிக்கவில்லை? நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன், நானும் ஒரு தகரப் பெட்டியோடுதான் உன் அம்மாவின் வீட்டுக்கு வந்தேன். கொழும்பில் யாரோ உனக்கு வேறு மாதிரி ஓதிவிட்டார்கள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அங்கே வேறு ஏதும் தொடுப்போ என்னவோ. காத்தான்குடி முத்தலிப் நானா கடைக்குப் புடவை எடுக்கக் கொழும்புக்கு வந்தபோது அம்மா கொடுத்த கூனி இறால் பொட்டலத்தை உன் அறைக்குக் கொண்டுவந்தாராம். நீ கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு, கதவைப் பாதி திறந்து பொட்டலத்தை வாங்கினாயாம், உள்ளே வாங்க என்று ஒரு சொல் சொல்லவில்லையாம். உள்ளே யாரை ஒளித்து வைத்திருந்தாய்?

அம்மா இதொன்றையும் ஏற்கிறாள் இல்லை. உங்களுக்கு இன்னும் அந்தக் கந்தோர்ப் புத்தி போகல்ல, என்ட புள்ள பொய் சொல்லுறவனா, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்களன் எண்டு ஒரே அழுகை. நடிக்கிறவனைப் பார்க்க நான் ஏன் போகவேண்டும் என்று இருந்துவிட்டேன். இன்று கோயிலில் கலியாண அறிவித்தல் முதலாம் ஓலை வாசித்தாயிற்று. இருபத்தெட்டாம் திகதி கலியாணம். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது கால் கழுவப் பெண்ணுக்கு அண்ணன் நீ ஒருவன்தான், வேறொருவன் செம்பைத் தூக்கினால் ஊர் என்ன கேட்கும் என்பதை யோசித்துப் பதில் எழுது.

செவ்வாய்க்கிழமை.

மேலே உள்ளதை மடித்து வைத்துவிட்டு முத்திரை வாங்க இருந்தேன், இன்று காலை உன் தபாலட்டை வந்தது. நான் நல்ல சுகம், கலியாணத்துக்கு வருவேன், யோசிக்க வேண்டாம். அவ்வளவுதான், ஒன்றரை வரி. ஒரு இங்கிலீசுச் சொல் இல்லை. சுகம் என்ற இடத்தில் கை வழுக்கி மை கீழே இழுபட்டிருக்கிறது, உன் பெயரின் கடைசி எழுத்தை நீ போடவேயில்லை. அம்மா மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் புள்ள சுகமாம் புள்ள சுகமாம் என்று அயல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மகனே, இந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

உடனே காத்தான்குடிக்குப் போய் முத்தலிப் நானாவைப் பிடித்து அந்த லேஞ்சியைப் பற்றிக் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். இருமல் கேட்டது, லேஞ்சியில ரத்தமும் பட்டிருந்தது, அப்பாட்ட சொல்லிப்போடாதீங்க நானா, தங்கச்சிட கலியாணம் குழம்பிடும் எண்டு உங்கட மகன் கையெடுத்துக் கும்பிட்டான் எண்டார். அந்தக் கிளாக்கர்மார் துரையை ஏமாற்ற எழுதின சொற்களை நீ அம்மா பயப்படாமல் இருக்க எழுதியிருக்கிறாய். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு மாதம் பிடித்தது. உன்னைக் கள்ளன் என்று நினைத்தேன். மேலே எழுதினதை நான் கிழிக்கவில்லை, வாசித்துப் பார், ஏச வேண்டுமென்றால் ஏசு.

நாளை ஸ்டேஷனில் கோச்சி ஏறுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன். கலியாணப் புடவை எடுக்கக் கொழும்புக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அது வாத்தியாரின் புத்தகத்தில் எந்தப் பொய்யோ எனக்குத் தெரியாது. உன்னால் எழும்ப முடியாவிட்டால் கலியாணம் தள்ளிப் போகட்டும், இல்லையென்றால் மாப்பிள்ளை காலில் மண்ணோடு உள்ளே வரட்டும், உன் செம்பை வேறொருவன் தொட நான் விடமாட்டேன். ஆண்டவர் உன் நெஞ்சில் கை வைத்துச் சுகம் தருவாராக, மாதா உன் பாயருகே இருப்பாளாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் தட்டும்போது கதவை முழுக்கத் திற.

உன்னை நம்பாமல் இருந்த அப்பா,
சவிரிமுத்து.