கம்ப்யூட்டர் வாசலில் உங்கள் பெயர்

என் அன்புள்ள சேகர் அப்பாவுக்கு,

சேகர் பிறந்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இன்றைக்கும் அதுதான் வருகிறது. அங்கே முதுகு வலி இல்லாமல் இருக்கிறீர்களா?

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ரிட்டயர் ஆன கையோடு வாங்கி வைத்தீர்களே, அந்தக் கம்ப்யூட்டர் விஷயம்தான். அதைப் போட்டதும் திரையில் இரண்டு பெயர் வரும். மேலே உங்களுடையது, கீழே சேகருடையது. உங்கள் பெயர் பக்கத்தில் மஞ்சள் வாத்துப் படம். நீங்கள் போன பிறகும் அந்த வாத்து தினமும் வந்தது. எனக்கு அது ஆறுதல். சேகருக்கு அப்படி இல்லை.

"பாக்க சொல்லவே மனசு பேஜாரா பூடுதும்மா. அப்பா பேர எடுத்துடறேன்" என்றான்.

எடுத்தால் நீங்கள் உள்ளே சேர்த்து வைத்த படங்களும் போய்விடும் என்றாள் மருமகள் செல்வி. கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். சேகர் என்ன செய்தான் தெரியுமா? ஏதோ செட்டிங்கை மாற்றிவிட்டான். இப்போது வாத்தும் இல்லை, பெயர் வரிசையும் இல்லை. பெயருக்கு ஒன்று, பாஸ்வேர்டுக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் மட்டும். யார் உள்ளே போக வேண்டுமோ அவர்கள் பெயரை அடிக்க வேண்டும். மாசக் கடைசி வரை அப்பா பேரில் யாரும் போகாவிட்டால் அதை எடுத்துவிடுவேன் என்றான். நான் உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால் அவனைத்தானே முன்னால் தள்ளுவேன்?

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷ் எழுத்து அத்தனையும் தெரியும். சேகர் பெயரை அவன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அடித்தேன். அப்பா என்பதை நானே கூட்டி அடித்தேன். உள்ளே விடவில்லை.

பின்னால் நின்ற செல்வி சிரித்துவிட்டாள். "அத்தே, அதுக்கு சேகர் அப்பால்லாம் தெரியாது. மாமாவுக்கு வெச்ச பேர அடிக்கணும்."

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். ஒரு நாளும் சொல்லவில்லை. ஆயுசு எங்கே கூடியது?

உங்கள் கம்பெனி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எட்டு எழுத்து. கீபோர்டில் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. நாலு நாள் ஆனது. செல்வி அடித்துத் தருகிறேன் என்றாள், விடவில்லை. ஐந்தாம் நாள் திறந்தது. பாஸ்வேர்டு நீங்கள் வைக்கவே இல்லையாம். உள்ளே, கடைசி ஷிஃப்ட் அன்றைக்கு மாலையோடு கேட் முன்னால் நின்றீர்களே, அந்தப் படம்.

மறுநாள் காலையில் சேகர் கம்ப்யூட்டரைப் போட்டான். கட்டத்தில் உங்கள் பெயர் தானாகவே நின்றது. கடைசியாக உள்ளே போனவர் பெயர் அங்கேயே இருக்குமாம். அவன் என் பக்கம் திரும்பினான்.

"யாரும்மா அடிச்சது?"

"நான்தான்டா."

"அப்பா பேரயா? நீயா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்மா" என்றான்.

இனிமேல் தினமும் சாயங்காலம் எல்லோரும் முடித்த பிறகு நான் கடைசியாக உள்ளே போய் வருவேன். காலையில் இந்த வீட்டில் யார் அதைத் திறந்தாலும் முதலில் நீங்கள்தான் நிற்பீர்கள். இது சத்தியம்.

இப்படிக்கு,
முனுசாமியின் மனைவி