கூடைக்கு எத்தனை றாத்தல்

மே 1, 1963. புதன்.

விடியலிலிருந்து மழை. சிவப்புத் துணி முழுதும் தீர்ந்தது. இரண்டு தொழிற்சங்கத்துக்கும் மே தின ஊர்வலப் பதாகை நானே தைத்தேன், ஒரே சுருளில் வெட்டி. ஜென்ம விரோதிகள் மாதிரி முறைத்துக்கொண்டு பஜாரில் போனார்கள். சாயம் மட்டும் இரண்டு கூட்டத்தின் தலையிலும் ஒரே மாதிரி ஒழுகியது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சிரித்தேன்.

முன்பு இந்த ஊர்வலத்தில் லொறி மேல் நின்று பேசுபவள் என் பெண்சாதி செல்லம்மா. இப்போது கொழும்பில் அரசாங்க ரேடியோவில் அறிவிப்பாளர். இரண்டு வருஷமாகிறது. "விலை போயிட்டா" என்று பஜாரே சொல்கிறது. கடைக் கதவில் யாரோ சுண்ணாம்பால் 'கங்காணி வீடு' என்று, துரைக்கு வேலை வாங்கும் ஆளின் வீடு என்கிற ஏச்சாக, எழுதிவைத்திருக்கிறான். கையெழுத்து படு மோசம். நான் அழிக்கவில்லை, மழையில் தானே போகும்.

மே 9, வியாழன்.

போஸ்ட்மாஸ்டர் காற்சட்டை: இடுப்பு இரண்டு விரல் விட. கறுப்பு நூல். மண்ணெண்ணெய்.

ஐந்தரைக்கு எதிரே முத்தையா பிள்ளையின் தேத்தண்ணீர்க் கடை. வியாழன்தோறும் அங்கே ரேடியோவில் செ.யின் 'தோட்டத்தாருக்கான அரைமணி'. இன்று வாசித்தாள்: தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை இப்போது நேர்மையாக நடக்கிறதாம், தொழிலாளர் மகிழ்ச்சியாக இருக்கிறார்களாம். பாதிக் கடை சிரித்தது, மீதி வைதது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி கிளாஸை டக்கென்று வைத்தாள்.

"இவளா சொல்றா? இவதானே அன்னிக்கு மடுவத்துல கூடைய எறக்க மாட்டேன்னு நின்னவ!"

தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது.

அது நடந்து ஆறு வருஷம். எண்ணிப் பார்த்தேன், ஆறேதான். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கூடையின் எடை என்று சொல்லி கணக்கப்பிள்ளை இஷ்டத்துக்கு றாத்தல் கழிப்பான். செ.யும் அவள் கூட்டாளி இராமாயியும் ஒரு நாள் கூடையை முதுகிலிருந்து இறக்காமல் நின்றார்கள். மொத்த மலையும் அவர்களோடு நின்றது. கடைசியில் இரண்டு பேருக்கும் வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, லய வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். அந்த வேலைநிறுத்தத்துக்குப் பதாகை தைக்கப்போய்த்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

என் கடையின் முன்பாதியில் கடிகாரம் பழுது பார்க்கும் சிறிசேனவும் ரேடியோ கேட்டான். தமிழ் பத்து வார்த்தைதான் தெரியும், பேச்செல்லாம் சிங்களம். "நோனாட்ட அத ஹெம்பிரிஸ்ஸாவ" என்றான். செ. அம்மாவுக்கு இன்றைக்கு ஜலதோஷமாம், குரலில் தெரிகிறதாம்.

மே 11, சனி.

செ. வந்தாள். ஜலதோஷம் உண்மை! மூக்கு தக்காளி. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இரண்டு கம்பளிக்குள் சுருண்டு பத்து மணிநேரம் தூங்கினாள். வீட்டில் அவள் இருந்தால் மழைச் சத்தம்கூட நன்றாக இருக்கிறது.

எழுந்ததும் வியாழக்கிழமைப் பேச்சு.

"எழுதிக் குடுத்தாங்க. வாசிச்சேன்."

"சரி."

"என்ன சரி? பிரஜாவுரிமைப் பத்திரம் நிரப்புறது எப்படின்னு எத்தன வாரம் சொன்னேன்? அத யாரும் பேசல. இத மட்டும் புடிச்சுக்கிட்டாங்க."

அதுவும் நியாயம். அந்தப் பத்திரத்தோடு என் கடைக்கே எத்தனை பேர் வந்தார்கள். ஆனால் நிறுவை விஷயத்தை அவள் வாசித்திருக்கக் கூடாது. சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

மே 14, செவ்வாய்.

இராமாயி வந்தாள். இப்போது வேறு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கிறாள். மகள் காமாட்சிக்கு ஜூன் 2 கல்யாணம். பெண்ணையும் கூட்டிவந்திருந்தாள், ரவிக்கை அளவுக்கு. வளர்ந்துவிட்டது பிள்ளை. பத்துச்சீட்டுக் காலத்தில் குடும்பமாக இரண்டு மாதம் இந்தக் கடையில்தான் படுத்தார்கள். என் வெட்டு மேசைக்குக் கீழே செ. காமாட்சிக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தாள்.

தோள் 14. கை நீளம் 9. கழுத்து வட்டம், ஜரிகை உண்டு.

அளவு முடிந்ததும் இராமாயி தாம்பாளம் எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம். என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, நீங்க வந்துருங்க. நீங்க மட்டும்."

காமாட்சி தரையைப் பார்த்தது. நான் என்ன சொன்னேன்? "ரவிக்கை ரெண்டு வாரங் கழிச்சு வாங்கிக்க" என்றேன். இரண்டு கையிலும் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, முட்டாள் மாதிரி.

மே 18, சனி.

சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். செ. சிரித்தாள். "நல்லதாப் போச்சு, எனக்குப் பொடவை மிச்சம்" என்றாள். பிறகு பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினாள். வெகு நேரம். ரேடியோ, சங்கம் எல்லாவற்றின் மேலும் கோபம்.

உள்ளே வந்தபோது கையில் தபாலட்டை. டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. வேலைநிறுத்த நாட்களில் பென்சிலால் கோடு போட்ட பழைய சட்டப் புத்தகம் பாயில் கிடந்தது.

"எழுதுங்க."

"என்னத்த?"

"தோட்டத்தாருக்கான அரைமணிக்கு ஒரு கேள்வி. நேயர் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உத்தரவு இருக்கு."

"நீயே எழுதிக்கவேண்டியதுதானே?"

"பொய்க் கடுதாசி வேணாம். உங்க பேர், உங்க விலாசம். அவங்க கேட்டா காட்டணும்."

'மதிப்பிற்குரிய அம்மா' என்று ஆரம்பித்து என் பெண்சாதிக்கே கடிதம் எழுதினேன். கொழுந்து நிறுக்கையில் கூடைக்கு எத்தனை றாத்தல் கழிக்கலாம் என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும். இப்படிக்கு, சுப்பையா, தையற்காரர், ஹட்டன். ஜாக்கிரதையாக எழுதியதில் கையெழுத்து மணிமணியாக வந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "காஜா எடுப்பேன்" என்றாள். காஜா எடுக்க அவளுக்குச் சுத்தமாக வராது.

மே 20, திங்கள்.

வெயில்! அட்டையைத் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

மே 23, வியாழன்.

நாலு மணியிலிருந்தே வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன்.

ஐந்தரைக்கு எதிர்க் கடை. நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிஷம். "ஹட்டனிலிருந்து திரு. சுப்பையா என்ற நேயர் கேட்டிருக்கிறார்." முத்தையா பிள்ளை கடை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. செ. பதிலை வாசித்தாள். வெறுங்கூடையை முதலில் நிறுத்துக் காட்ட வேண்டும். அந்த எடைக்கு மேல் கழிப்பது சட்டத்துக்கு விரோதம். தராசு முள்ளைப் பார்க்கக் கேட்பது தொழிலாளியின் உரிமை. ரயில் நேரம் வாசிக்கும் அதே குரல். பிறகு, மெதுவாக, இன்னொரு தடவை வாசித்தாள்.

முத்தையா பிள்ளைதான், "ஏங்க சுப்பையா, இத வீட்லயே கேட்டுருக்கலாமே?" என்றார். சிரித்துத் தொலைத்தார்கள்.

என் கடைக்குத் திரும்பினால், அங்கிருந்தே கேட்ட சிறிசேன மட்டும் சிரிக்காமல் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து கழற்றினான். "அத நோனாட்ட கேந்தி" என்றான். அம்மா இன்றைக்குக் கோபமாக இருக்கிறாராம்.

மே 25, சனி.

செ. வரவில்லை. தந்தி: 'திங்கள் விசாரணை. கவலை வேண்டாம்.' வேண்டாம் என்றால் கேட்கிறதா.

ஆனால் கடையில் வேறு பேச்சு. நேற்று இராமாயியின் மலையில் பெண்கள் வரிசையாக வெறுங்கூடையைத் தராசில் மாட்டச் சொன்னார்களாம். காற்சட்டைக்கு வந்த கங்காணி ஒருவர் சொன்னார்.

"கணக்கப்புள்ளைக்கு வேர்த்துக் கொட்டிருச்சுங்க. ஆரு சொன்னதுன்னு தொரை கேக்குறாரு. கவர்மெண்டு சொல்லுச்சுங்கறாளுக!"

அவருக்கு ஒரு பொத்தான் இலவசமாகத் தைத்துக் கொடுத்தேன்.

மே 29, புதன்.

காலையில் செ.யின் கடிதம். விசாரணையில் நேயர் கடிதத்தைக் காட்டு என்றார்களாம், அட்டையைக் காட்டினாளாம். யார் இந்த சுப்பையா? என் புருஷன். விசாரித்த பெரியவருக்குப் புரையேறிவிட்டதாம். வேலை போகவில்லை. தோட்டத்தாருக்கான அரைமணி மட்டும் போயிற்று. அடுத்த வாரம் முதல் சமையல் குறிப்பு. 'நான் வைக்கும் ரசத்தைச் சாப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான், வாயைத் திறக்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறாள். மூன்று தடவை படித்தேன். அந்த அரைமணி போனது எனக்கு வருத்தம்தான். அவளுக்கும் இருக்கும், எழுதவில்லை.

மத்தியானம் இராமாயி, ரவிக்கைக்கு. ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். ரேடியோ பற்றி ஒரு பேச்சில்லை. நானே பொறுக்காமல் கேட்டேன், செ.யையும் கூட்டி வரட்டுமா என்று.

"ஒரு நா வாசிச்சா எல்லாஞ் சரியாயிருமா அண்ணே? ரெண்டு வருசமா என்னத்த வாசிச்சா?"

"அப்ப வரக் கூடாதா?"

"இப்ப அவளுக்குத் தனியா வெத்தல வைக்கணுமாக்கும்?" என்றாள். ரவிக்கையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

எரிச்சல். கொழுந்தில் றாத்தல் மிச்சமானது யாரால்? சாயங்காலம் வரை அவளோடு மனசுக்குள் சண்டை.

ஜூன் 1, சனி.

செ. வந்துவிட்டாள். வெற்றிலைப் பேச்சைச் சொன்னேன். யோசித்தாள். "வீட்டு ஆளுக்கு வெத்தல எதுக்கு? வர்றேன்" என்றாள்.

"கூப்பிடல, செல்லம்மா."

"வெரட்டுனா திரும்பி வர்றோம். பஸ் இருக்குல்ல?"

ஜூன் 2, ஞாயிறு. இரவு.

காலெல்லாம் வலி. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏற்றம். தூறல். என் குடை, அவள் பச்சைப் புடவை. கோயிலடிப் பந்தல் தெரிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். லொறி மேல் நின்று துரைமாரை ஏசியவள்.

எல்லோரும் பார்த்தார்கள். மேளம் நிற்கவில்லை, பேச்சுதான் நின்றது. யாரோ பின்னால், "ரேடியோக்காரி." இராமாயி பந்தல் மூலையில் சோற்று அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். செ.யை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் வர்றியா? பொண்ணோட சின்னாத்தா வர்ற நேரமா இது? வாளியத் தூக்குடி, பந்தி ஒக்காந்திருச்சு."

செ. புடவையை இடுப்பில் செருகினாள். சாம்பார் வாளியைத் தூக்கினாள். அவ்வளவுதான்.

நாலு பந்தி. நான் மூன்றாவதில், பாயில், ஓரமாக. அவள் வரிசையோடு குனிந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். பின்னாலேயே சோற்றுக் கூடையோடு இராமாயி, அந்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வைதுகொண்டு. செ.யும் பதிலுக்கு வைதாள். என் இலை வந்தது. எனக்கும் ஊற்றினாள், யார் என்றுகூட நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.