சிவப்புப் பொட்டு ஒட்டிய கேசட்

மாமா,

போன மாசம் ஒரு வியாழக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று மந்தைவெளியில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸம்மா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் குழந்தையின் கையில் தேய்த்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. அது உன் விரல் வாசனை. பாப்பா ஒரு சிணுங்கலோடு நிறுத்திக்கொண்டாள். நான்தான் விசித்து விசித்து அழுதேன்.

"இன்னாம்மா, ஊசி கொழந்தைக்கா, ஒனக்கா?" என்று நர்ஸம்மா கேட்டார்கள்.

தினமும் மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் நீ டேப்ரிக்கார்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே டேப் உரசி ஓடும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பாய். சாயங்காலம் கல்யாண வீட்டில் பாட்டு இழுக்கக் கூடாது என்று. ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்படித் துடைத்து முடித்துவிட்டு, புதிதாக வாங்கி வந்த மைக்கைச் சரிபார்க்க ஒரு கேசட்டில் நீ பேசிப் பதிவு செய்தாய். அது அந்த ஊசி ரூமில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நீ போய் நாலு மாசம். உன் சட்டை இருக்கிறது, போட்டோ இருக்கிறது, குரல் மட்டும் எனக்குள் கலைந்துகொண்டே வந்தது. பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அவளுக்கு அது சுத்தமாகவே இல்லை. ஒரு கேசட்டில் அது இருக்கிறது என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன், சொல்.

மாமா, அந்த மழை நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கட்டிலில் உட்கார்ந்து மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினாய்.

"மந்தைவெளி நேயர் ஒருத்தவங்க நம்ம கூட கீறாங்கோ. சொல்லுங்கம்மா, இன்னா பாட்டு வோணும்?"

"அய்ய, போ மாமா."

"அந்தப் பாட்டு நம்மகிட்ட இல்லியே."

"சரி, ஒரு மெலடி போடு."

"மெலடின்னா இன்னாம்மா?"

"எனக்கு இன்னா தெரியும்? கார் வெச்சிகீறவங்கல்லாம் அதத்தான் கேக்கறாங்க."

நீ சிரித்த சிரிப்பில் மைக் கீச்சென்று கத்தியது. அப்புறமும் ரொம்ப நேரம் பேசினாய். மடியில் இருக்கும் சின்ன நேயருக்கு இன்னா வோணும் என்று கேட்டாய். கத்தல் தாங்காமல் பாப்பா அழ ஆரம்பித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கண்ணாடியில் தொங்கிய என் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து அந்தக் கேசட்டில் நீயே ஒட்டியதை வாசலில் இருந்து பார்த்தேன். என்ன நிறம் என்று பார்க்கவில்லை.

கேசட்டில் பேர் எழுதாமல் பொட்டு ஒட்டுகிற அந்தக் கணக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது. எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. நீ அவசரமாகக் கேசட் கேட்கும்போது எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். படித்தவர்களுக்கு மட்டும் என்ன தெரிந்தது? அடையாறில் ஒரு பிறந்தநாள் வீட்டில், ராப் போடு என்று ஒரு காலேஜ் பையன் சீட்டு எழுதிக் கொடுத்தான். நீ போட்டதும், "இது ராப் இல்லண்ணே, பாப்" என்றான். பக்கத்தில் இருந்தவன், "போடா, இது டிஸ்கோடா" என்றான். கேக் வெட்டுகிறதை விட்டுவிட்டு அதற்கு ஒரு சண்டை. அவர்கள்தான் உனக்கு டி.ஜே. என்று பேர் வைத்தார்கள். அப்படி என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "பாட்டு போடறவன்தான். இங்கிலீசுல சொன்னா மரியாதியாம்" என்றாய்.

மைலாப்பூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் ஒரு மாமி, "மெலடியா ஏதாவது போடுங்கோ" என்றார்கள். நீ மெதுவான காதல் பாட்டு ஒன்று போட்டாய். மாமி திரும்பி வந்து, "நான் வீணையோ புல்லாங்குழலோன்னா நெனச்சேண்டாப்பா. பெரியவாள்லாம் உக்காந்துண்டிருக்கா" என்றார்கள். தி.நகரில் துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மெலடி கேட்ட பெரியவருக்கு நீ புல்லாங்குழல் போட்டாய். "ஏம்பா, இழவு வீடா இது?" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாய். "பேர கேக்கக் கூடாது. ஆடப் போறீங்களா, சாப்புடப் போறீங்களா, அழப் போறீங்களான்னு கேக்கணும். அது மூணுத்துலயும் யாருக்கும் கொழப்பம் வராது." மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். ஆடுகிறதற்குச் சிவப்பு, சாப்பிடுகிறதற்குப் பச்சை, பெண்ணை அனுப்பி வைக்கிற நேரத்துக்குக் கறுப்பு. பச்சையும் கறுப்பும் அப்படியே இருக்கும். சிவப்பில் மட்டும் சீசனுக்குச் சீசன் பழசின் மேலேயே புதுப் பாட்டு ஏற்றுவோம். "போன வருஷத்துப் பாட்டுக்கு எவன் ஆடுவான்?" என்பாய்.

தை மாசம் உனக்குக் காமாலை வந்தது. பதினோரு நாள்தான். முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு உன் கூட்டாளி சேகர் வந்தான். பாட்டு செட்டையும் சிவப்புப் பொட்டு கேசட்டுகளையும் நானே எடுத்துக் கொடுத்தேன். இந்த வீட்டில் இனி யார் ஆடப்போகிறார்கள் என்று நினைத்தேன். கறுப்பையும் பச்சையையும் பரண்மேல் வைத்தேன்.

ஊசி போட்டு வந்த அன்றைக்கே கறுப்பு எல்லாவற்றையும் இறக்கினேன். உன் குரல் அதில்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நம் சின்ன டேப்ரிக்கார்டரில் ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் விடாமல் கேட்டேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதும் ஒரு காது அதிலேயே இருந்தது. நாலாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றது. "இன்னாடி இது, காலைலேர்ந்து பொண்ண அனுப்பிக்கினே கீற. எனக்கே சோறு எறங்கல." நான் அடுத்த கேசட்டைப் போட்டேன். கறுப்பு முடிந்தது. பச்சையும் முடிந்தது. எதிலும் நீ இல்லை. அப்படியானால் சிவப்பு. அதெல்லாம் சேகரிடம் இருக்கிறது. வைகாசி பிறந்துவிட்டது. முகூர்த்த சீசன், சிவப்பில் புதுப் பாட்டு ஏற்றுகிற நேரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சேகர் பாட்டுப் போடுகிற தி.நகர் மண்டபத்துக்கு ஓடினேன்.

"வா அண்ணி. சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேனே" என்றான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது. "செவப்புல மொத்தத்துலயும் புதுப் பாட்டு ஏத்திட்டேன் அண்ணி. அண்ணன் செய்றதத்தான் நானும் செஞ்சேன்."

அவனை என்ன சொல்ல முடியும்? அது உன் வழக்கம். நான் மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் என் பக்கத்தில் வந்து குந்தினான். "அண்ணி, பாட்டு ஏத்தினாலும் அது டேப்பு கடைசி வரிக்கும் வராது. கொஞ்சம் மிச்சம் நிக்கும். பழசு அதுல இருந்தாலும் இருக்கும்."

ஒரு மெஷினில் அவன் மண்டபத்துக்குப் பாட்டுப் போட்டான். இன்னொன்றில் ஹெட்போனை மாட்டி என் காதில் வைத்தான். ஒவ்வொரு சிவப்பாகக் கடைசிக்கு ஓட்டிக் கேட்டேன். எதிலும் பழைய பாட்டின் வால்தான். நடுவில் ஒருவர் வந்து என் தோளைத் தட்டினார். "ஏம்மா, ஒரு வெஸ்டர்ன் போடச் சொல்லும்மா." கூட வந்தவர், "வெஸ்டர்ன் இல்லம்மா, ரீமிக்ஸு" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆடப் போறீங்களா, சாப்புடப் போறீங்களா?" என்று கேட்டேன். என் வாயில் நீ வந்ததைக் கேட்டு சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏழாவதோ எட்டாவதோ கேசட்டில் புதுப் பாட்டு முடிந்தது. இரைச்சல். பாப்பா அழுகிற சத்தம். அப்புறம் என் குரல். "போதும் மாமா, நிறுத்து. கொழந்த அழுவுது." அதற்கு நீ, "சரி" என்றாய். பொத்தான் விழுகிற சத்தம். அவ்வளவுதான்.

அவ்வளவு பேசினாயே மாமா. உன் சிரிப்புகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது நான் உன்னை நிறுத்தச் சொன்னது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பாய்.

சந்தோஷத்தில் பேசியதற்கு நீ ஆடுகிற பொட்டைத்தானே ஒட்டியிருப்பாய். நீ போன பிறகு தேடியதால் நான் கறுப்பில் தேடினேன். ஆட்டத்தை நானே தூக்கிக் கொடுத்தேன்.

சேகர் கேசட்டை என் கையில் கொடுத்தான். வேறு யாரும் பாட்டு ஏற்றிவிடாதபடி அதன் மேலே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து வைத்திருக்கிறேன். என் குரல் முடிகிற இடத்தில் சரியாக நிறுத்தியும் வைத்திருக்கிறேன்.

பாப்பா தூங்கும்போது உன்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துகிறேன். தேனாம்பேட்டையில் தையல் வேலை இருக்கிறதாம், போகட்டுமா? சரி. பாப்பாவைப் பால்வாடியில் விடட்டுமா? சரி. நானும் உன்னிடமே வந்துவிடட்டுமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. கேட்கவில்லை. நீ அதற்கும் சரி என்றுதான் சொல்வாய், உன்னிடம் வேறு சொல் மிச்சமில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.